ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு காரில், ஏரிப்பக்கக் கேபினில் தங்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்துக்காரர் என்று தெரிந்தால் போதும், பங்குனி பிறந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். சென்னையில் இருக்கும் சித்தப்பா, பெங்களூரு மச்சான், கோவையில் கட்டிக்கொடுத்த அக்கா என்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எந்த வழியில் வருவது, எங்கே தங்குவது, பிள்ளைகளுக்கு வாந்தி வருமா. போனில் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். என் பதில்களில் ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏற்காட்டில் பத்து இடம் சுற்றுவதைவிட ஓரிடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதுதான் சுகம் என்ற கட்சி நான்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இரண்டு ராத்திரி. ஒரு ராத்திரி என்றால் மதியம் போய் இறங்கி, பெட்டியைப் பிரித்து, தூங்கி எழுந்ததும் மறுபடி பெட்டி கட்ட வேண்டியதுதான். நடுவில் ஒரு முழு நாள், எங்கேயும் கிளம்ப வேண்டிய அவசியம் இல்லாத ஒரு நாள் இருந்தால்தான் கேபினில் தங்குவதற்கு அர்த்தம். விடுமுறை ஒரே நாள்தான் என்றால் தங்கவே வேண்டாம், காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுங்கள். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம்தானே.

‘ஏரிப்பக்கக் கேபின்’ என்று போடுகிறார்களே, எந்த ஏரி அது?

இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஏற்காட்டின் பெரிய ஏரி ஊர் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் ரோடு, ஒரு பக்கம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம், பக்கத்திலேயே அண்ணா பூங்கா, மான் பூங்கா, ஓட்டல்கள், பஜ்ஜிக் கடைகள். அழகான ஏரிதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே தவளைச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஹாரன் சத்தம்தான் கேட்கும்.

கேபின், மரவீடு என்று விளம்பரத்தில் வருகிறவற்றில் பலவும் காபித் தோட்டங்களுக்குள் இருப்பவை. அங்கே ‘ஏரி’ என்பது பெரும்பாலும் தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்க வெட்டிய குட்டையாகவோ ஓடையை மறித்துக் கட்டிய சின்னத் தடுப்பணையாகவோ இருக்கும். கோடையில் பாதி வற்றியும் இருக்கலாம். அதில் தவறில்லை, குட்டைக்கரையிலும் காலையில் மீன்கொத்தி வந்து உட்காரும். ஆனால் படத்தில் இருக்கும் தண்ணீர் எந்த மாதம் எடுத்தது என்று கேட்டுவிடுங்கள்.

எது நல்லது என்றால், வயதானவர்களும் கைக்குழந்தையும் உடன் வந்தால் ஊர் ஏரிப் பக்கம். பால், மருந்து, டாக்டர் எல்லாம் கிட்டே, நடப்பதற்குச் சமதளம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நீங்களும் மட்டும் என்றால் தோட்டத்துக் கேபின், யோசிக்கவே வேண்டாம்.

சொந்தமாக டென்ட் கொண்டுவந்து ஏரிக்கரையில் போட்டுக்கொள்ளலாமா?

ஊர் ஏரிக்கரையில் இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்புக்காடு நிறைய, அதற்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். மிச்சம் இருப்பவை தனியார் தோட்டங்கள், மலைவாழ் மக்களின் பட்டா நிலங்கள். டென்ட் ஆசை இருந்தால், தன் நிலத்தில் டென்ட் போட விடும் தங்குமிடத்தைப் பிடித்துக் கேட்டுப் போடுங்கள். கழிவறை கேபினில், தூக்கம் டென்டில் என்று வைத்துக்கொள்வது குடும்பத்துக்கு உத்தமம்.

புக் செய்யும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

அறை எவ்வளவு பெரியது, டிவி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, கார் கேபின் வாசல் வரை வருமா? தோட்டத்துக்குள் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மண் பாதையாகவோ கல் பரப்பிய பாதையாகவோ இருக்கும். உயரமான வண்டிக்குப் பிரச்சினை இல்லை. தரையை ஒட்டி ஓடும் சிறிய காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் இருந்தால் அடி தட்டும். சிலர் காரைக் கீழே நிறுத்தச் சொல்லி ஜீப்பில் ஏற்றிப் போவார்கள், அதற்குத் தனிக் காசா என்று கேளுங்கள்.

அடுத்தது படிகள். மலைச் சரிவில் கட்டியதால் வண்டி நிற்கும் இடத்துக்கும் கேபினுக்கும் நடுவில் நாற்பது ஐம்பது படி இருப்பது சகஜம். அம்மாவுக்கு முட்டி வலி என்றால் இதுதான் பயணத்தையே தீர்மானிக்கும். கழிவறை உள்ளேயா வெளியேயா, வெஸ்டர்ன் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சுடுதண்ணீர் கீசரிலா, விறகு பாய்லரிலா? பாய்லர் என்றால் காலையில் குறிப்பிட்ட நேரம்தான் கிடைக்கும். கரண்ட் போனால் விளக்குக்கு இன்வெர்ட்டர் உண்டா? சமைக்க விடுவார்களா, அல்லது அவர்கள் சாப்பாடுதானா? வாடகை வண்டியில் வருகிறீர்கள் என்றால் டிரைவர் எங்கே படுப்பார்? இந்தக் கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. மனிதர் ராத்திரி முழுக்கக் குளிரில் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டு, மறுநாள் உங்கள் குடும்பத்தை வைத்து 20 வளைவு இறக்க வேண்டும். அவருக்கு ஒரு கட்டிலும் போர்வையும் உறுதி செய்யாமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

கூட்டம் வேண்டாம் என்றால் மே மாதத்தைத் தவிர எதுவும். மே மாதத்தில்தான் கோடை விழா, மலர்க் கண்காட்சி. சேர்வராயன் கோயில் திருவிழாவும் அப்போதுதான். விழாவைப் பார்க்கவே வருகிறவர்கள் வரட்டும், அமைதி தேடி வருகிறவர்கள் அந்த வாரத்தில் வரவே கூடாது.

எனக்குப் பிடித்தது மார்ச், ஏப்ரல். அந்தச் சமயத்தில் ஒரு நல்ல கோடை மழை விழுந்தால், அதைத் தோட்டக்காரர்கள் பூ மழை என்பார்கள், ஒன்பது பத்து நாளில் காபிச் செடி மொத்தமும் பூத்துவிடும். கிளை நெடுக இலைக் கணுவுக்குக் கணு வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும், இலையை விலக்காமலே தெரியும். வாசனை மல்லிகையைப் போல இருக்கும், ஆனால் கொஞ்சம் இளசு. மூன்று நான்கு நாள்தான், அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். தேதி பார்த்துத் திட்டம் போட முடியாது, வாய்த்தால் அதிர்ஷ்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்த செடிதான் இன்றைக்கு இந்த மலையின் பிழைப்பு.

நவம்பரிலிருந்து பழம் பறிக்கும் காலம். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி 12, 13 டிகிரி வரை இறங்கும், ஸ்வெட்டர் கட்டாயம். சேலத்தை ஒப்பிட்டால் மேலே எப்போதுமே ஏழெட்டு டிகிரி குறைவு. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்பது கணக்கு, ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில், சேலம் 300 மீட்டருக்கும் கீழே.

வெளியூரிலிருந்து எந்த வழியில் வருவது?

சென்னையிலிருந்து சேலம் சுமார் 340 கிலோமீட்டர். திண்டிவனம், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டையில் திரும்பினால் கள்ளக்குறிச்சி, ஆத்தூர், வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு நாடு. ஜவ்வரிசி ஆலைகளின் களத்தில் வெள்ளை வெளேரென்று காயப் போட்டிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பாயசத்தில் போடுவது மரத்தில் காய்ப்பதில்லை என்று தெரிந்துகொள்ளட்டும். புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகன் சிலை ரோட்டிலிருந்தே தெரியும். 2022இல் குடமுழுக்கு நடந்தது. காலை நீட்ட நல்ல இடம்.

பெங்களூருவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, தருமபுரி வரை கவலை இல்லை. அதன் பிறகு வரும் தொப்பூர் கணவாய், சேலம் நோக்கி வருகிறவர்களுக்கு நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளில் மோதுவது அங்கே தொடர்கதை. லாரிக்கு முன்னால் போய் ஒட்டி நிற்காதீர்கள், நியூட்ரலில் விடாதீர்கள். சேலம் நெருங்கும்போது தெரியும் வெளுத்த மண் மேடுகள் மேக்னசைட் சுரங்கங்கள். ஊர்க்காரர்களுக்கு அது வெள்ளைக்கல்.

கோவையிலிருந்து சுமார் 165 கிலோமீட்டர், நேர் ரோடு, சொல்ல ஒன்றுமில்லை.

அடிவாரம் வழியா, குப்பனூர் வழியா?

சேலத்துக்குள்ளிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போவது பழைய பாதை. 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ரோடு அகலம், பஸ்கள் ஓடுவதும் இதில்தான் அதிகம். குப்பனூர்ப் பாதை அயோத்தியாப்பட்டணத்திலிருந்து அரூர் ரோட்டில் போய்ப் பிரிந்து, கொட்டச்சேடு வழியாக ஏறுவது. ரோடு குறுகல், கடை கண்ணி குறைவு, மரம் அதிகம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குச் சேலம் ஊருக்குள் நுழையாமல் போய்விடலாம்.

மலைப்பாதைக்குப் புதிய டிரைவர் என்றால் அடிவாரம். பழகிய கை என்றால் ஏறுவது அடிவாரம், இறங்குவது குப்பனூர். கோடை விழா சமயத்தில் போலீசாரே இப்படித்தான் ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள்.

இ-பாஸ் வேண்டுமா?

2024 மே மாதத்தில் நீதிமன்ற உத்தரவுப்படி வந்த இ-பாஸ் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஆனது. ஏற்காடு அதில் சேரவில்லை. ஆனால் செக்போஸ்டில் வண்டியைச் சோதிப்பார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை, மலை மேல் அதில் கண்டிப்பு கூடுதல். தட்டு, டம்ளர், பை எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்து வந்தால் அந்தத் தலைவலி இல்லை.

எத்தனை மணிக்கு மலை ஏற வேண்டும்?

வெளிச்சம் இருக்கும்போது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மதியம் மூன்று மணிக்குள் அடிவாரத்தைத் தொட்டால் நிதானமாக ஏறி, தோட்டப் பாதையைக் கண்டுபிடித்து, இருட்டுவதற்குள் பிள்ளைகளுக்குக் கேபினைச் சுற்றிக் காட்டிவிடலாம். எது படி, எது பள்ளம், தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதை எல்லோரும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாக வேண்டும். தாமதமாகிவிட்டால் சேலத்திலேயே ஒரு லாட்ஜில் தங்கி விடியற்காலையில் ஏறுங்கள். அட்வான்ஸ் போனால் போகட்டும்.

இன்னொன்று, கூகுள் மேப் சில சமயம் தோட்டத்துக்குள் குறுக்கு வழி காட்டும். கேபின்காரரிடம் லொகேஷன் வாங்கும்போதே, எந்தக் கடையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒண்டிக்கடை ரவுண்டானாவைத் தாண்டியபின் பல இடங்களில் சிக்னல் வந்து வந்து போகும்.

கொண்டை ஊசி வளைவுகளை எப்படி ஓட்டுவது?

ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். விதியும் அதுதான், மலைப் பழக்கமும் அதுதான். பஸ் திரும்பும்போது வளைவின் முழு அகலமும் அதற்குத் தேவை, ஆகவே மேலே பஸ் தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். பாதி வளைவில் போய் மாட்டினால் பின்னால் எடுக்கச் சரிவில் பதறிப்போவீர்கள். ஒவ்வொரு வளைவுக்கும் முன் ஹாரன், வளைவுக்குள் ஓவர்டேக் கிடையாது.

ஏறுவது சுலபம், இறங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் செகண்ட். வேகத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, பத்தாவது வளைவு வாக்கில் ரப்பர் கருகும் நாற்றம் வரும். பெடல் ஆழமாகப் போக ஆரம்பிக்கும். அப்படி வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் இருக்கும் டிஸ்க் கோணிவிடும்.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் ‘டி’ கியரிலேயே விட்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். எல், 2, எம் என்று ஏதாவது ஒன்று கியர் லீவரில் இருக்கும், அது இதற்காகத்தான். மின்சாரக் கார் என்றால் மேலே முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இருந்தால்தான் இறக்கத்தில் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு சார்ஜும் ஏற்றிக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு வாந்தி வருமே?

வரும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது. இரண்டு இட்லி சரியான அளவு. செல்போனை வாங்கி வைத்துவிட்டு, ரோடு நேராகத் தெரியும்படி நடு சீட்டில் உட்கார வைத்து, வளைவு எண்ணை எண்ணச் சொல்லுங்கள். கண் வெளியே இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கார் வாசனைத் திரவியத்தைக் கழற்றி டிக்கியில் போடுங்கள், ஜன்னலை இறக்குங்கள். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். எப்போதும் வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டு மாத்திரையை மலை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும், ஐந்தாவது வளைவில் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை.

கேபினில் நாமே சமைக்கலாமா? என்ன எடுத்துப் போவது?

முதல் நாள் ராத்திரிக்குக் கட்டுச்சோறு போதும். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தாங்கும், தயிர்ச்சோறு காரில் வெயிலில் இருந்தால் புளித்துவிடும். மறுநாள் சமைக்கலாம். ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்: 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், துவரம் பருப்பு மட்டும் விதை விதையாக அப்படியே கிடக்கும். ஆகவே குக்கர் எடுத்துப் போங்கள், கேஸ்கட்டோடு. கேபினில் குக்கர் இருக்கிறது என்று சொன்னாலும் நம்ப வேண்டாம், விசில் இருக்காது.

மசாலாப் பொடி, எண்ணெய், உப்பு, தீப்பெட்டி, கத்தி, பாத்திரம் துலக்க நார். காய்கறியைச் சேலத்திலேயே வாங்கிவிடுங்கள். டீசலும் பெட்ரோலும் அப்படியே.

கேம்ப் ஃபயர்?

அவர்கள் ஒதுக்கிய குழியில், அவர்கள் தரும் விறகில் மட்டும். பிப்ரவரியிலிருந்து மே வரை மலையில் சருகு காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். படுக்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேல் கையை நீட்டினால் சூடே தெரியாத வரை விடக் கூடாது.

இதைவிட முக்கியம் கரி அடுப்பு. கோழி சுட்ட அடுப்பில் கங்கு மிச்சம் இருக்கிறதே, குளிருக்கு இதமாக இருக்கும் என்று அறைக்குள் தூக்கி வைப்பவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள். புகை இல்லாவிட்டாலும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலைவாசத் தலங்களில் இப்படிக் குடும்பங்கள் இறந்த செய்தி குளிர்காலம் தவறாமல் வருகிறது. குளிர்ந்தால் இன்னொரு கம்பளி கேளுங்கள்.

தண்ணீர்ப் பக்கம் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஒரு பெரியவர், பேர் சொல்லி. ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். காலையில் மாமா, மதியம் சித்தி என்று முறை போட்டு, அந்த நேரத்தில் அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

தோட்டக் குட்டைகள் குளிப்பதற்கானவை அல்ல. கரை சறுக்கும், அடியில் சேறு, இரண்டடி தள்ளினால் ஆழம் எவ்வளவு என்று மேலிருந்து தெரியாது. நீச்சல் தெரிந்த பெரியவர்களே சேற்றில் கால் சிக்கினால் திணறிப்போவார்கள். படகு வைத்திருந்தால் லைஃப் ஜாக்கெட் மாட்டி, பட்டையை இழுத்துப் பார்த்து, அதன் பிறகே ஏறுவது. ஊர் ஏரியில் படகு இல்லத்தில் அதை அவர்களே மாட்டிவிடுவார்கள். மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு மூன்றும் உண்டு. காலையில் திறந்ததும் போய்விட்டால் வரிசை இருக்காது.

காட்டு விலங்குகள் வருமா?

காட்டெருமைகள் உண்டு. காபித் தோட்டத்துக்குள் சாயங்காலமும் விடியற்காலையிலும் மேயும், சில சமயம் ரோட்டில் நிற்கும். காரில் இருந்தால் தள்ளி நிறுத்தி, ஹை பீமை இறக்கி, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள், தானாகப் போகும். நடந்து போகும்போது பார்த்தால் செல்ஃபி எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள். சாதுவாகத்தான் நிற்கும், ஆனால் ஒரு ஆள் உயரம்.

தினப்படித் தொல்லை குரங்குகள்தான். கார்க் கதவைத் திறந்து வைத்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் முறுக்கும் போகும், பையும் போகும். உணவு கொடுக்காதீர்கள்.

ராத்திரி வெளியே போனால் டார்ச், காலில் செருப்பு. காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு மாட்டுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். சிக்னல் இல்லாத கேபின் என்றால் அங்கிருக்கும் காவலாளிதான் உங்கள் 108, போன உடனே அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவைப்பது புத்திசாலித்தனம்.

பார்க்க வேண்டிய இடங்கள்?

நான் கேட்கச் சொல்லாத கேள்வி, இருந்தாலும் எல்லோரும் கேட்கிறார்கள். நடுநாளில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். 5,326 அடி, இந்த மலையின் உச்சி. மேலே பரந்த சமதளம், காற்று ஆளைத் தள்ளும். சாமி இருப்பது குனிந்து போக வேண்டிய குகைக்குள். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் குலசாமி, மலைக்கே பேர் கொடுத்த சாமி. லேடீஸ் சீட்டுக்கு இருட்டும் நேரத்தில் போனால் கீழே சேலத்தில் விளக்கு ஏறுவதைப் பார்க்கலாம்; பகலில் வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைத் தண்ணீர் தெரியும். செடி கொடியில் ஆசை உள்ள பிள்ளை இருந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்கிட் தோட்டம், பூச்சி தின்னும் குடுவைச் செடி அங்கே இருக்கிறது. கிளியூர் அருவி மழைக்காலத்தில் மட்டும். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே 300 அடி விழுகிறது, ஏப்ரலில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். வயதானவர்களை அந்தப் படிகளில் இறக்காதீர்கள்.

மற்ற ‘பாயிண்ட்’கள் எல்லாம் ஒரே பள்ளத்தாக்கை வேறு வேறு கோணத்தில் காட்டுபவை. பார்க்கிங் தேடியே பொழுது போய்விடும்.

மழை பிடித்துக்கொண்டால்?

சாதாரண மழை என்றால் கேபினிலேயே இருங்கள், அதற்குத்தானே வந்தது. சீட்டுக்கட்டு, தாயக்கட்டை, பல்லாங்குழி ஏதாவது ஒன்று பெட்டியில் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை என்றால் வரவே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தையே நிறுத்த வேண்டி வந்தது. மேலே இருக்கும்போதே கனமழை தொடங்கிவிட்டால் அவசரப்பட்டு இறங்காதீர்கள், பாதை திறந்திருக்கிறதா என்று கேபின்காரரை விசாரிக்கச் சொல்லி, பகலில் இறங்குங்கள். மூடுபனியில் லோ பீம்தான், ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

பணம்?

கையில் ரொக்கம், சில்லறை நோட்டாக. சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது.

தோட்டத்தில் காபிப் பழம், மிளகு பறித்துக்கொள்ளலாமா?

கூடாது. சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடி அவர்களுடைய வருஷ வருமானம். கேட்டால் அவர்களே ஒரு சரம் கிள்ளிக் கொடுப்பார்கள். காபித்தூள், மிளகு, தேன் ஊரில் விலைக்குக் கிடைக்கும். மிளகை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து வாங்குங்கள்.

திரும்பும்போது சேலத்தில் நிறுத்தலாமா?

சாயங்காலம் இறங்கினால் தட்டுவடை செட் சாப்பிடாமல் போகாதீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு பக்கம் காரச் சட்னி, மறுபக்கம் புதினாச் சட்னி. அப்படியே முழுசாக வாய்க்குள் போட வேண்டும், கடித்தால் பாதி சட்டையில் விழும். தள்ளுவண்டிகள் மாலை நான்கு மணிக்கு மேல்தான் வரும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் மாம்பழம். மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா, குண்டு. காம்புப் பக்கம் மோந்து பாருங்கள். மேலே சீராக மஞ்சள், மணமே இல்லை, அழுத்தினால் கல் மாதிரி என்றால் கார்பைடு வைத்துப் பழுக்க வைத்தது, வாங்காதீர்கள். ஊருக்குக் கொண்டுபோக முக்கால் பழுத்ததாகக் கேட்டு வாங்கி, வைக்கோல் போட்ட பெட்டியில் டிக்கியில் வைக்காமல் சீட்டுக்குக் கீழே வையுங்கள். டிக்கிச் சூட்டில் சென்னை போவதற்குள் குழைந்துவிடும்.